ஆடு கத்தியதற்கு நடேசனுக்குச் சால்வை

சுத்துக்கேணி நடேசனுக்கு ஆடு என்றாலே ஆகாது. மாடு இருக்கட்டும், கோழி இருக்கட்டும், தெருநாய்கூட இருந்துவிட்டுப் போகட்டும் என்பார். ஆடு மட்டும் கூடாது. அவர் கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அவருடைய கொல்லையில் வேர்க்கடலை, அவர் பேச்சில் மல்லாட்டை, முளைத்துப் பச்சை காட்ட ஆரம்பித்ததும் ஊரில் உள்ள வெள்ளாடுகளுக்கெல்லாம் எப்படியோ சேதி போய்விடும். வேலியில் ஒரு சந்து கிடைத்தால் போதும். முதல் ஆடு தலையை விடும், மற்றதெல்லாம் அதன் வாலைப் பார்த்துக்கொண்டு வரும். நடேசன் வரப்பில் நின்று போடுகிற சத்தம் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கேட்கும். அவர் ஆடுகளைத் திட்டுகிற வார்த்தைகளில் பாதியை எழுத்தில் போட முடியாது.

அப்படிப்பட்டவரைத் தேடிக்கொண்டு ஒரு ஆராய்ச்சியாளர் கார் எடுத்து வந்தார். "ஆட்டுக் குரலை உங்களை மாதிரி பொறுமையா கேட்டவங்க யாருமே இல்ல ஐயா" என்று சொல்லி, சித்திரை வெயிலில் அவருக்குச் சால்வை போர்த்தினார். அந்தக் கூத்துக்குக் காரணம் நடேசனின் மகள் ஆண்டாள்.

ஆண்டாளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். சேதராப்பட்டில் பாட்டில் மூடி செய்கிற ஒரு கம்பெனியில் வேலை. ஓடுகிற பெல்ட்டின் பக்கத்தில் நின்று, கோணல் மூடியைப் பொறுக்கி எடுத்துத் தனியே போட வேண்டும். காலேஜில் அவள் படித்தது விலங்கியல். மேலே படிக்க ஆசைப்பட்டாள். அதற்குள் புகழ்வேந்தன் வீட்டில் பெண் கேட்டு வந்துவிட்டார்கள். மினி லாரி ஓட்டுகிற பையன், அதே ஊர், இரண்டு தெரு தள்ளி வீடு. நடேசனுக்கு எல்லாம் பிடித்துப் போயிற்று. கல்யாணமான வருஷம் மாப்பிள்ளை ஆசையாக மனைவிக்கு ஒரு பெட்டை ஆட்டுக்குட்டியை வாங்கிக்கொண்டு வந்து நிறுத்தியபோதுதான் அவருக்கு முதல் அதிர்ச்சி.

"பொண்டாட்டிக்குப் பொடவை வாங்கித் தர்றவனைப் பாத்துருக்கேன், தோடு வாங்கித் தர்றவனைப் பாத்துருக்கேன். ஆடு வாங்கித் தர்றவனை இப்பதான்யா பாக்குறேன்" என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார்.

அந்தக் குட்டிக்கு மேனகா என்று பெயர் வைத்தாள் ஆண்டாள். மேனகா வளர்ந்து குட்டி போட்டு, குட்டிகள் குட்டி போட்டு, வீட்டுக்குப் பின்னால் சின்ன மந்தையே ஆகிவிட்டது. மேனகாவிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. உயிர் போகிற மாதிரி கத்தும். ஆண்டாள் அடுப்பில் இருப்பதை இறக்கி வைத்துவிட்டு ஓடுவாள். போய்ப் பார்த்தால் அது நிழலில் நின்று நிதானமாக அசைபோட்டுக்கொண்டிருக்கும். இவளைப் பார்த்ததும் வாயை மூடிக்கொள்ளும். ஆனால் ஒருநாள் அதே மாதிரிக் கத்தியதைக் கேட்டு, இதற்கு வேறு வேலை இல்லை என்று இவள் போகாமல் இருக்க, நிஜமாகவே கயிறு காலில் சுற்றிக்கொண்டு தலைகீழாகக் கிடந்தது.

அதிலிருந்து அவளுக்கு ஒரே யோசனை. பொய்க் கத்தலுக்கும் நிஜக் கத்தலுக்கும் ஏதாவது வித்தியாசம் இருக்கத்தானே வேண்டும்? இணையத்தில் இலவசமாக நடந்த விலங்கு நடத்தை வகுப்பு ஒன்றில் சேர்ந்தாள். பாருங்கள், பதிவு செய்யுங்கள், வகை பிரியுங்கள் என்று அதில் சொன்னார்கள். வகை பிரிக்கிறதுதான் அவளுக்குக் கம்பெனியில் தினமும் வேலை. போனை எடுத்துக்கொண்டு ஆடுகளின் பின்னால் நடக்க ஆரம்பித்தாள்.

தன் ஆடுகள் போதவில்லை. பக்கத்து வீட்டுத் தையலம்மாளிடம் பெரிய மந்தை இருந்தது. தையலம்மாள் காலை ஆட்டை ஓட்டிக்கொண்டு போனால் பொழுது சாயத்தான் வருவாள். முதலில் அவள் சம்மதிக்கவில்லை.

"ஏன்டி ஆண்டாளு, ஆட்டை வாங்கிக்கினு போறவன் உண்டு, பாலை வாங்கிக்கினு போறவன் உண்டு. சத்தத்தை எடுத்துக்கினு போயி இன்னா பண்ணுவ? அதுக்குத் தொண்டை கட்டிக்காதே?"

"கட்டிக்காது அத்தை. போன்ல படம் புடிக்கிற மாதிரிதான்."

"படம் புடிச்சாலே ஆயுசு கொறையும்னு எங்கம்மா சொல்லும். போவுது, எடுத்துக்கோ."

கலைவேந்தன் என்று ஒருவர், டீக்கடைக்கு எதிரே டிராக்டர் வாடகைக்கு விடுகிறவர். அவரிடம் ராஜா என்று ஒரு கிடா இருந்தது. அதன் குரல் கோயில் ஒலிபெருக்கி மாதிரி. அதையும் பதிவு செய்தாள். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் இப்படியே போனது. பசிக்குக் கத்துவது, தண்ணிக்குக் கத்துவது, குட்டியைத் தேடிக் கத்துவது, நாயைப் பார்த்துக் கத்துவது, மழை வரும்போது கத்துவது, குட்டி ஈனும்போது கத்துவது என்று ஒவ்வொன்றையும் வெட்டிப் பிரித்து வைத்தாள். எந்தக் காரணமும் கண்டுபிடிக்க முடியாத கத்தல்களுக்கு 'சும்மா' என்று தனி வகை வைத்தாள். கடைசியில் எண்ணிப் பார்த்தால் அந்த வகைதான் எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருந்தது. மேனகாவின் பங்களிப்பு முக்கால்வாசியும் அதில்தான்.

வகுப்பு முடிந்ததும், ஆராய்ச்சித் தரவுகளை எல்லோருக்கும் பொதுவில் வைக்கிற ஒரு தளத்தில் இதையும் ஏற்றிவிடலாம் என்று ஆசிரியர் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சமையலுக்கு நடுவே ஏற்றினாள். கோப்புக்கு 'கோட் ஃபைனல் நியூ டூ' என்று பெயர். முதலில் ஆடு என்பதற்கு ஆங்கிலத்தில் 'கோட்', திருத்தியதும் 'ஃபைனல்', மறுபடி திருத்தியதும் 'நியூ', கடைசியில் 'டூ'. யாரும் எடுத்துக்கொள்ளலாம், தொகுத்தவர் பெயரைச் சொன்னால் போதும் என்கிற உரிமத்தைத் தேர்ந்தெடுத்தாள். நிரந்தர எண் வேண்டுமா என்று ஒரு கேள்வி வந்தது. காசு கேட்பார்களோ என்று பயந்து வேண்டாம் என்று அழுத்தினாள். அடுத்து, குடும்பப் பெயர் என்ன என்று கேட்டது.

நம் ஊரில் யாருக்குக் குடும்பப் பெயர் இருக்கிறது? இனிஷியல்தான் இருக்கிறது. அந்தக் கட்டத்தை நிரப்பாமல் தளம் நகர மாட்டேன் என்றது. குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. 'நடேசன்' என்று போட்டுவிட்டு எழுந்து போனாள். அதோடு அதை மறந்தும் போனாள். அப்போது கொடுத்த காலேஜ் காலத்து மின்னஞ்சலுக்கு பாஸ்வேர்டும் மறந்துவிட்டது.

இரண்டு வருஷம் கழித்துத்தான் அந்தக் கார் வந்தது.

வந்தவர் பெயர் அரிகரன். வெளியூர்க் கால்நடைக் கல்லூரி ஒன்றில் ஆராய்ச்சி மாணவர். ஆட்டின் குரலை வைத்தே அது வலியில் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு கணினி நிரல் எழுதிக்கொண்டிருந்தார். அவருடைய ஆராய்ச்சியே இந்தத் தொகுப்பின் மேல்தான் நின்றது. புதுச்சேரிக்கு ஒரு கல்யாணத்துக்கு வந்தவர், 'பதிவு செய்த இடம்: சுத்துக்கேணி' என்று தளத்தில் பார்த்தது ஞாபகம் வந்து, பெரியவரை நேரில் பார்த்து மரியாதை செய்துவிட்டுப் போகலாம் என்று வில்லியனூரில் ஒரு சால்வையும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

டீக்கடையில் கார் நின்றது. கலைவேந்தன் அங்கே உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, இங்க நடேசன் சார் வீடு எது?"

"எந்த நடேசன்?"

"ஆடு சம்பந்தமா..."

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். "ஆடுன்னா அவருதாம்பா, வேற யாரு" என்று கலைவேந்தனே காரில் ஏறிக்கொண்டார். கிடாவுக்காக அவர் நடேசனிடம் வாங்கிய ஏச்சு கொஞ்சமா? யாரோ மேலதிகாரி அதை விசாரிக்கத்தான் வந்திருக்கிறார் என்று அவர் நினைத்தார். பார்க்க ஆசையாக இருந்தது.

நடேசன் அப்போதுதான் கொல்லையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். அரிகரன் குனிந்து கும்பிட்டு, பிரித்த சால்வையைத் தோளில் போர்த்தினார். ஒரு மனிதன் கும்பிட்டுச் சால்வை போட்டால் ஏன் என்று கேட்பது மரியாதையில்லை என்பது நடேசனின் கொள்கை. பேசாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஐயா, ஆட்டுக்குப் பயம் வந்தா குரல் எப்படி மாறுதுன்னு நீங்க எப்படிக் கவனிச்சீங்க?"

"ஆட்டுக்கு இன்னாப்பா பயம்? பயம்னு ஒண்ணு இருந்தா என் கொல்லைக்கு வருமா?"

அரிகரன் அதைப் போனில் குறித்துக்கொண்டார். "அப்போ பழகின இடத்துல பயக் குரல் குறையுதுன்னு சொல்றீங்க."

"நான் எங்கப்பா அப்படிச் சொன்னேன்?"

"சரிங்க ஐயா. பொதுவா ஆடு எதுக்காகக் கத்துது?"

நடேசன் கொஞ்சம் யோசித்தார். மனதில் இருந்ததைச் சொன்னார். "அது சும்மா கத்தும்."

அரிகரனுக்குப் புல்லரித்துப் போனது. "அதேதான் ஐயா! உங்க டேட்டாவுலயும் அதான் பெரிய வகை. வெளிநாட்டுக் கட்டுரையிலகூட இங்கிலீஷ்ல 'சும்மா கால்', அதாவது சும்மாக் கத்தல்னே எழுதுறாங்க. மொழிபெயர்க்க முடியலையாம்."

டேட்டா என்றால் போனில் தீர்ந்துபோவது என்று மட்டும் நடேசனுக்குத் தெரியும். இருந்தாலும் வெளிநாடு என்ற வார்த்தை காதில் நன்றாக விழுந்தது. கலைவேந்தன் வாயைத் திறந்தபடி நின்றார்.

முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய ஆண்டாளிடம் தையலம்மாள்தான் விஷயத்தைச் சொன்னாள். "உங்கப்பனுக்கு மால மருவாதி நடக்குதுடி. ஆட்டு டாக்டராம்." ஆண்டாள் பையைக்கூட வீட்டில் வைக்காமல் ஓடினாள். போனால், அப்பா சால்வையோடு வியர்த்து வழிய உட்கார்ந்து, ஆட்டுக்கு மூளை எந்தப் பக்கம் இல்லை என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

"வாம்மா. இந்தத் தம்பி ஆட்டைப் பத்திக் கேட்டுச்சு. எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லிக்கினு இருக்கேன்."

அரிகரனின் லேப்டாப்பில் தன் மேனகாவின் குரல் வளைவு வளைவாக ஓடுவதைப் பார்த்ததும் ஆண்டாளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"சார், அது நான் எடுத்தது" என்றாள். "ஆண்டாள் நடேசன். இவரு எங்கப்பா. இவருக்கு ஆட்டைக் கண்டாலே ஆகாது."

அரிகரனின் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எழுந்து நின்றுவிட்டார். "மேடம், மன்னிச்சிக்கோங்க. தளத்துல 'நடேசன், ஏ.'ன்னுதான் இருந்துச்சு. மெயில் போட்டேன், பதிலே வரல." கட்டுரையைத் திறந்து காட்டினார். அடிக்குறிப்பில் நடேசன், ஏ. என்றே இருந்தது. கட்டுரைக்குள் ஓர் இடத்தில் 'திரு. நடேசன் அவர்கள் தனது தொகுப்பில்' என்று ஆண்பாலில் வேறு எழுதியிருந்தார்.

சால்வையைத் திரும்ப வாங்கி மேடத்துக்குப் போடலாமா என்று அவர் கை ஒருமுறை நீண்டது. நடேசன் சால்வையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "போட்டதைக் கழட்டுறது மரியாதை இல்ல தம்பி."

ஆண்டாள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். ஆனால் அரிகரன், தன்னைப் போல வேறு யார் யார் இந்தத் தொகுப்பைப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகத் திறந்து காட்டக் காட்ட, சிரிப்பு அடங்கியது. ஒருவர் 'கோட் ஃபைனல் நியூ டூ, இணையம்' என்று மட்டும் போட்டிருந்தார். இன்னொருவர் 'தென்னிந்திய ஆட்டுச் சத்தம், தொகுத்தவர் தெரியவில்லை' என்று எழுதியிருந்தார். தூர தேசத்து ஆராய்ச்சியாளர் ஒருவர் 'கோட் ஃபைனல்' என்பதை ஓர் ஆட்டு இனத்தின் பெயர் என்றே நினைத்து, அந்த இனத்தின் குரல் வளத்தைப் புகழ்ந்து ஒரு பத்தி எழுதியிருந்தார். சில பேர் எதையுமே குறிப்பிடவில்லை.

எடுத்துக்கொள்ளுங்கள் என்று வைத்தது அவள்தான். எடுத்தார்கள் என்பதில் வருத்தமில்லை, சந்தோஷம்தான். ஆனால் மழையில் போனைப் பாலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு ஆட்டுக்குப் பின்னால் சேற்றில் நடந்தவளை ஒருத்தருக்கும் தெரியவில்லை. தெரிந்த ஓரிரண்டு பேருக்கும் அவள் அப்பாவாகத்தான் தெரிந்தாள். அன்று அவள் சாயங்காலம் ஆட்டுக்குத் தழை போடும்போது மேனகாவிடம், "நீயும் நானும் அனாமத்துடி" என்று சொன்னதாகப் புகழ்வேந்தன் பிறகு எல்லோரிடமும் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ரோஸ்லின் வந்தாள். ஆண்டாளோடு காலேஜில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். மணப்பட்டுக்காரி. இப்போது டவுனில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை. அடுத்தவர் எழுதியதை எடுத்தால் எப்படிக் குறிப்பிட வேண்டும் என்று மாணவர்களைத் துரத்தித் துரத்திச் சொல்வதுதான் அவள் பிழைப்பு. தளத்தைத் திறந்து பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏன்டி, கல்யாணப் பத்திரிகையில பொண்ணு பேரைப் போடாம அப்பா பேரை மட்டும் கொட்டை எழுத்துல போட்டா எப்படி இருக்கும்? அப்படிப் பண்ணி வச்சிருக்க."

"மனசு இருந்தா தேடிப் புடிச்சிப் போட்டிருப்பாங்கடி."

"மனசு எல்லாருக்கும் இருக்கு. நேரம்தான் இல்ல. கட்டுரையை அனுப்ப வேண்டிய அன்னிக்கு எவன் உக்காந்துக்கினு உன் பேரு இன்னான்னு துப்பு துலக்குவான்? நாமதான் வாயில ஊட்டி வுடணும்."

ஊட்டிவிடும் வேலையை இருவரும் தொடங்கினார்கள். முதல் வேலை பெயர். ஆண்டாளின் பெயர் ஆங்கிலத்தில் மூன்று சான்றிதழில் மூன்று விதமாக இருந்தது. ஒன்றில் ஒரு 'ஏ', ஒன்றில் இரண்டு 'ஏ'. பிறப்புச் சான்றிதழில் பழைய பிரெஞ்சு வழக்கப்படி வாலில் தேவையில்லாத எழுத்துகள் வேறு தொங்கின. எப்படி எழுதினாலும் ஆள் ஒன்றுதான் என்று காட்ட, ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கென்று ஒரு தனி அடையாள எண் உண்டு என்றாள் ரோஸ்லின். "ஆதார் மாதிரின்னு வச்சிக்கோ. கைரேகைதான் கேக்க மாட்டான்." அதை வாங்கினார்கள். தளத்தில் குடும்பப் பெயர் கேட்கிற கட்டத்தில் 'ஆண்டாள்' என்று போட்டு, முதல் பெயர் கேட்கிற கட்டத்தில் 'என்' என்று ஒற்றை எழுத்தைப் போட்டாள் ரோஸ்லின். திரையில் 'ஆண்டாள், என்.' என்று வந்தது. அவ்வளவுதான் வித்தை.

அடுத்தது நிரந்தர எண். தளத்தின் முகவரி மாறினாலும், கோப்பின் பெயர் மாறினாலும், அந்த எண்ணைத் தட்டினால் தொகுப்புக்கே வந்து சேரும். அதற்குக் காசு கேட்கவில்லை என்று தெரிந்ததும் ஆண்டாளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. 'கோட் ஃபைனல் நியூ டூ' போய், 'சுத்துக்கேணி வெள்ளாட்டுக் குரல்கள், இரண்டாம் பதிப்பு' ஆனது. பழையதை அழித்துவிடலாமா என்று கேட்டாள் ஆண்டாள்.

"அழிக்கக் கூடாதுடி. அதைப் படிச்சிட்டுத் தேடி வர்றவன் வெறும் சுவத்துல முட்டிக்குவான். பழசுல ஒரு பலகை மாட்டி வுட்டுடலாம், புதுசு இங்க இருக்குன்னு."

கடைசியாக, பக்கத்தின் தலைப்பிலேயே ஒரு வரி வைத்தார்கள்: இதைப் பயன்படுத்துகிறவர்கள் இப்படிக் குறிப்பிடுங்கள். பெயர், ஆண்டு, தலைப்பு, பதிப்பு, எண், எல்லாம் அந்த ஒரே வரியில். பக்கத்தில் ஒரு பொத்தான். அழுத்தினால் வரி முழுதும் நகலாகும், கட்டுரையில் ஒட்டிக்கொள்ளலாம். ஆண்டாள் அந்தப் பொத்தானை அழுத்தி அழுத்தித் தன் பெயரை வாட்ஸப்பில் கணவருக்கு ஒட்டி ஒட்டி அனுப்பினாள். "போதும்மா, வண்டி ஓட்டிக்கினு இருக்கேன்" என்று பதில் வந்தது.

இத்தோடு முடிந்திருக்கும். ஆனால் சால்வை விஷயம் ஊரில் பரவிவிட்டது. மறுநாள் தையலம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"கத்தனது என் ஆடு. சால்வை உங்கப்பனுக்கு. இப்ப பேரு உனக்கு. என் ஆட்டுக்கு இன்னாடி?"

கேட்டது நியாயம். ஆண்டாள் ரோஸ்லினுக்குப் போன் போட்டாள். "கேக்குறதுல தப்பே இல்லடி" என்றாள் ரோஸ்லின். "தொகுத்தது நீ. பங்களிச்சவங்கன்னு தனி வரிசை இருக்கு. யார் இன்னா செஞ்சாங்களோ அதைச் சொல்லிப் பேரைப் போடு."

மாலைக்குள் ஆண்டாள் வீட்டு வாசலில் ஆடு வைத்திருந்தவர்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். கலைவேந்தன் தன் ராஜாவின் பெயரை எல்லாவற்றுக்கும் முதலில் போட வேண்டும் என்றார். குரல்தான் அளவுகோல் என்றால் ராஜாவை அடிக்க ஆள் இல்லை என்பது அவர் வாதம். தையலம்மாள் விடவில்லை.

"ராஜா எங்க இப்ப? தீவாளிக்கு அறுத்துப் பிரியாணி போட்டுட்டு, இன்னிக்கு வந்து பேரு கேக்குறான் பாரு."

"அதுக்காக அது கத்தனது இல்லன்னு ஆயிடுமா? செத்தவங்க பேரைப் போட மாட்டாங்களா?"

அதுவும் யோசிக்க வேண்டிய கேள்விதான். கடைசியில் அகரவரிசை என்று முடிவாயிற்று. ஒவ்வொரு பதிவுக்கும் எதிரே எந்த ஆடு, யாருடைய ஆடு என்று இருக்கும். ராஜாவுக்கு எதிரே 'மறைந்தது' என்று ஒரு சொல். எப்படி மறைந்தது என்று எழுத வேண்டாம் என்று கலைவேந்தன் கேட்டுக்கொண்டார்.

கூட்டம் கலைந்த பிறகும் நடேசன் நகராமல் நின்றுகொண்டிருந்தார். செருப்பால் தரையைத் தேய்த்தார்.

"ஏம்மா, அப்ப என் பேரை எடுத்துருவியா?"

"உங்களுக்குத்தான் ஆடே இல்லையேப்பா."

"அது சரிதான்" என்றார். ஆனால் போகவில்லை. சுத்துக்கேணி தாண்டி அவர் பெயர் எங்குமே அச்சாகி வந்ததில்லை. தெரியாமல் வந்ததுதான் என்றாலும், கொஞ்ச நாள் ருசி பார்த்துவிட்டார்.

ஆண்டாள் அன்று பதிவுகளை எல்லாம் மறுபடி கேட்டாள். 'நாய்' வகையிலும் 'சும்மா' வகையிலும் பல இடங்களில், ஆட்டின் குரலுக்குப் பின்னால் தூரத்தில் ஒரு மனிதக் குரல் கேட்டது. மல்லாட்டைக் கொல்லையிலிருந்து வந்த குரல். எழுத முடியாத வார்த்தைகள். தொகுப்பில் இன்னொரு சத்தம் கலந்திருந்தால் அது என்ன என்று சொல்வது ஆராய்ச்சிக்கு அவசியம் என்று ரோஸ்லினும் சொன்னாள். பங்களித்தவர்கள் வரிசையில் ஒரு வரி கூடியது: 'பின்னணியில் ஆடுகளைத் திட்டும் குரல்: நடேசன். அவருடைய அனுமதியுடன்.'

நடேசன் அந்த வரியைக் கண்ணாடி போட்டு இரண்டு தரம் படித்தார். "திட்டுறதுக்கெல்லாம் பேரு போடுறாங்களா?" என்றார். பிறகு, "அனுமதின்னு போட்டது நல்லது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தொகுப்பைப் பயன்படுத்தியவர்களுக்கெல்லாம் ஆண்டாள் தன் புது மின்னஞ்சலிலிருந்து எழுதினாள். சண்டை எதுவும் போடவில்லை. தொகுத்தவள் நான்தான், குறிப்பிட வேண்டிய வரி இது, அடுத்த முறை இதை ஒட்டிக்கொள்ளுங்கள் என்று மட்டும். சிலர் பதிலே போடவில்லை. அரிகரன் தன் கட்டுரைக்குத் திருத்தம் அனுப்பினார். ஆட்டு இனம் என்று நினைத்த தூர தேசத்துக்காரர் நீளமாக மன்னிப்புக் கேட்டு எழுதி, கடைசியில், 'அப்படியானால் சும்மா என்பதும் ஊரின் பெயர் இல்லையா?' என்று கேட்டிருந்தார். சும்மாவை அவருக்கு விளக்க ஆண்டாள் ஒரு மாலை முழுக்க முயன்று, முடியாமல் விட்டுவிட்டாள். அதற்குப் பிறகு வந்த கட்டுரைகளில் 'ஆண்டாள், என்.' என்று வர ஆரம்பித்தது. ஒவ்வொன்று வரும்போதும் ரோஸ்லின் திரையைப் படமெடுத்து அனுப்புவாள், ஆண்டாள் மூடி பொறுக்குகிற இடைவேளையில் பார்த்துக்கொள்வாள்.

அரிகரனின் கல்லூரியில் ஒரு கருத்தரங்குக்கு அவளை அழைத்தார்கள். நானும் வருவேன் என்று நடேசன் கிளம்பிவிட்டார். முன்வரிசையில் போய் உட்கார்ந்தார். ஆண்டாள் முதலில் எழுதி வைத்திருந்ததை வேகவேகமாகப் படித்தாள். பேச்சை விட்டுவிட்டு ஆட்டுக் குரல்களைப் போட்டுக் காட்டியதும் நிதானம் வந்துவிட்டது. திட்டுக் குரல் கலந்த பதிவுகளில் இருப்பதிலேயே சாதுவானதைத் தேடி எடுத்து வைத்திருந்தாள். அது மண்டபத்தில் ஒலித்ததும் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நடேசன் எழுந்து திரும்பி நின்று, கூட்டத்தைப் பார்த்து ஒரு பெரிய கும்பிடு போட்டார். கைதட்டல் ஓய நேரமாயிற்று. உட்காரும்போது பக்கத்து நாற்காலிக்காரரிடம், "மேடையில நிக்குது பாரு, அது என் பொண்ணு. ஆண்டாளு. அது பேரை எழுதிக்கோ" என்றார்.

இதையெல்லாம் ரோஸ்லின் தன் வீட்டில் சொல்லியிருப்பாள் போல. அவளுடைய அண்ணன் அன்புராஜ் மணப்பட்டில் படகு வைத்திருக்கிறார். வலையில் மீனுக்குப் பதில் கடல் சொறி, அதாவது ஜெல்லி மீன், ஏறி வருகிற நாட்களில், கடுப்பில் அதைப் படமெடுத்து நண்பர்கள் குழுவில் போட்டுத் திட்டுவது அவர் வழக்கம். வருஷக் கணக்கில் படங்கள் சேர்ந்துவிட்டன. எந்தக் காற்றில், எந்தப் பருவத்தில் எந்தச் சொறி வந்தது என்று பார்க்க அது உதவும், கொடுங்கள் என்று ஆராய்ச்சி செய்கிற யாரோ கேட்டிருக்கிறார்கள். அனுப்புவதற்கு முன் ஆண்டாளைக் கூப்பிடு என்று தங்கையிடம் சொல்லிவிட்டார்.

போன வாரம் ஆண்டாள் மணப்பட்டுக்குப் போயிருந்தாள். கரையில் படகு நிழலில் உட்கார்ந்து போனில் படங்களைத் தள்ளத் தள்ள, கண்ணாடிக் குடை மாதிரி, ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரி, கிழிந்த ஜாக்கெட் மாதிரி என்று விதவிதமாக வந்தன.

"இதெல்லாம் நீங்க எடுத்ததா அண்ணா?"

"பாதி நான். பாதி கூட வர்ற பசங்க. அந்த நீலக் கலர் எங்க மாமா வலையில வந்தது."

"அப்ப அவங்க எல்லாரையும் கூப்பிடுங்க. எந்தப் படம் யாருதுன்னு முதல்ல பிரிக்கலாம்."

அன்புராஜ் எழுந்து கரையைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தார். வலை சரிசெய்துகொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, மணலைத் தட்டிவிட்டுக்கொண்டு வர ஆரம்பித்தார்கள்.